ஆர்மி பிரிண்ட் பேன்ட்டும் ‘டிரைபல்’ சால்வையும்: உடுத்தும் முன் பார்க்க வேண்டியவை

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒருவர் கட்சிக் கரை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தால், அவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை; கரையைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். “அந்த நிறம் எனக்குப் பிடிக்கும், அதனால் கட்டினேன்” என்று அவர் சொன்னால் சிரிப்பார்கள். கார்த்திகை மாதத்தில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வருபவரைச் சாமி என்று அழைத்து, வயதில் மூத்தவர்கள்கூட ஒதுங்கி வழிவிடுகிறோம். விரதம் இல்லாமல் அந்த மரியாதையை மட்டும் வாங்கிக்கொள்கிறவரைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உடுத்தியவர் மனத்தில் என்ன இருந்தாலும் பார்ப்பவர் தமக்குத் தெரிந்த பொருளையே துணியில் படிக்கிறார் என்பது நமக்குப் பழக்கமான பாடம். இருந்தும், பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் ‘ஆர்மி பிரிண்ட்’ என்று தொங்கும் பேன்ட்டையும், இணையத்தில் ‘டிரைபல் டிசைன்’ என்று விற்கும் சால்வையையும் வாங்கும்போது அந்தப் பாடத்தை ஏனோ மறந்துவிடுகிறோம். அவற்றை வாங்கும்போதும் அணியும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதை, இந்த இரு மாவட்டங்களில் இருந்துகொண்டு பார்த்த அளவில், இங்கே எழுதுகிறேன்.

முதலில் துணியைப் பாருங்கள்

உருமறைப்பு அச்சு எல்லாம் ஒன்றல்ல. எதிரியின் கண்ணிலிருந்து பீரங்கியையும் ஆளையும் மறைப்பதற்காக 1915இல் பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைச் சேர்த்துத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. 1929இல் இத்தாலி ராணுவம் அந்த வகைச் சித்திரத்தைக் கூடாரத் துணியில் பெருமளவில் அச்சிடத் தொடங்கியது. பிறகு வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள், அதே போரை எதிர்த்து நடந்த ஊர்வலங்களில் தங்கள் படைச்சட்டையை அணிந்துகொண்டு நடந்தார்கள். அந்தச் சட்டை கடைத்தெருவுக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. ஆகவே இலையும் திட்டுமாகத் தெரியும் எந்த அச்சையும் தொடவே கூடாது என்று சொல்வது மிகை. சாம்பலும் வெள்ளையும், ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து வரும் அரைக்கால் சட்டையைப் பார்த்து யாரும் யாரையும் வீரர் என்று நினைக்கப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது, பணியில் இருக்கும் படை ஒன்றின் சீருடையோடு ஒத்துப்போகும் அச்சை. 2022 ஜனவரி 15 அன்று, ராணுவ நாளில், இந்தியத் தரைப்படை தன் புதிய போர்ச்சீருடையை வெளியிட்டது. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் துணையோடு உருவான அந்த அச்சில், ஆலிவ் பச்சையும் மண் நிறமும் சிறுசிறு சதுரங்களாகச் சிதறிக் கிடக்கும். கைபேசியில் படத்தைப் பெரிதாக்கினால் தெரியும் கட்டங்களைப் போல. அந்த வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவும் செய்துவிட்டது. அனுமதியில்லாமல் அதை நெய்து விற்பவர் சட்டத்துக்கு எதிராக விற்கிறார். கடையில் எடுத்துப் பார்க்கும் பேன்ட்டில் சதுரப் புள்ளிகளும் இந்த இரண்டு நிறங்களும் சேர்ந்து வந்தால், திருப்பி மடித்து வைத்துவிடுங்கள்.

அடுத்து, அச்சை விட்டுவிட்டு அதன் மேல் தைத்திருப்பவற்றைப் பாருங்கள். தோளில் பொத்தான் வைத்த பட்டி, சட்டைப்பைக்கு மேல் பெயர் எழுதும் பட்டை, கையில் வாள், சிறகு, மண்டையோடு போன்ற சின்னம், சில சட்டைகளில் சிங்க முகச் சின்னமும்கூட. அரசுச் சின்னத்தைத் தகாத வகையில் பயன்படுத்துவதைத் தடுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாகவே இருக்கிறது. வெறும் அச்சுத்துணி நாகரிகமாக நின்றுவிடும். இவை சேரும்போதுதான் அது வேடமாகிறது. வாங்கியாகிவிட்டது என்றால், சட்டையை உள்புறம் திருப்பிப் போட்டு, சின்னத்தைச் சுற்றி ஓடும் தையலில் மூன்று நான்கு கண்ணிக்கு ஒன்று என்று பிளேடு முனையால் அறுத்துவிட்டு, முன்புறத்திலிருந்து இழுத்தால் துணி கிழியாமல் நூல் முழுதாக வந்துவிடும். சின்னம் இருந்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். இரண்டு முறை துவைத்து ஈரத்தோடு தேய்த்தால் அவையும் பெரும்பாலும் அடைந்துவிடும். தையல்காரரிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

சட்டம் சொல்வதும் ஏறக்குறைய இதையேதான். படைவீரர் அல்லாத ஒருவர், தம்மை வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு வீரரின் உடையைப் போன்ற உடையை அணிந்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவில் இதற்கான அபராதம் 500 ரூபாயாக இருந்தது. குற்றத்தை முடிவு செய்வது எண்ணம் என்பதால், பள்ளியில் ஆகஸ்ட் 15 அன்று மாறுவேடப் போட்டிக்குச் சிப்பாய் உடை போடும் குழந்தைக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஆனால் 2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத் தாக்குதல் நடந்த பிறகு, பொதுமக்கள் போர்ச்சீருடை போன்ற உடைகளை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு உங்கள் எண்ணத்தை விசாரிக்க நேரம் இருக்காது. உடையைப் பார்த்துத்தான் அவர் செயல்பட வேண்டியிருக்கும்.

உழைத்துப் பெற்றது எது?

2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தோனியின் கையுறையில் இருந்த சின்னம் நினைவிருக்கும். அது பாராசூட் சிறப்புப் படையினரின் ‘பலிதான்’ சின்னம். தோனி 2011 முதல் பாராசூட் ரெஜிமென்ட்டில் கௌரவ லெப்டினென்ட் கர்னல். அப்படியிருந்தும் அந்தச் சின்னத்தை நீக்கும்படி சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் சொன்னது. அதன் காரணம் விளையாட்டு விதி, அது வேறு கதை. எனக்கு வியப்பாக இருந்தது அதற்குப் பிறகு நடந்தது. அதே சின்னம் ஸ்டிக்கராக வண்டியின் பெட்ரோல் டேங்கிலும், டி-சட்டையின் நெஞ்சிலும், கைபேசி உறையிலும் வந்துவிட்டது. கடும் தேர்வில் பெரும்பாலோர் கழிந்துபோக, மிஞ்சிய சிலர் மட்டும் அணியும் ஒன்று, கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இங்கே பிரித்தறிவது எளிது: இந்த அடையாளம் ஒருவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று கேளுங்கள். பணம் கொடுத்தால் கிடைக்கும் என்பது விடையானால் அணியலாம். தேர்வு, பயிற்சி, காயம், பணிக்காலம் ஆகியவற்றின் வழியாக மட்டுமே கிடைக்கும் என்றால், அது உங்களுடையது அல்ல. மெரூன் நிறத் தொப்பி, சிறகு, பதக்கம், பதக்க நாடா எல்லாம் இந்த வகை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் ராணுவத் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடிப் பயிலும் இளைஞர்கள் பலர் ஆர்மி அச்சு டி-சட்டையில் ஓடுகிறார்கள். அது ஆசையின் அடையாளம், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பயிற்சி நிலையம் ஒன்று, தேர்வே எழுதாத பையன்களுக்கு முழுச் சீருடையும் தொப்பியும் மாட்டி எடுத்த படத்தைத் தன் விளம்பரத் தட்டியில் போடுமானால், அது பெற்றோரிடம் சொல்லும் பொய்.

அப்பாவோ தாத்தாவோ படையில் இருந்தார், அவருடைய ஜெர்சி வீட்டில் இருக்கிறது என்றால் தாராளமாக அணியுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் காவலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கம்பளி ஜெர்சியை விடச் சிறந்த உடுப்பு கிடையாது. அவருடைய பட்டையையும் பதக்கத்தையும் மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

காவலாளி வேலையில் இருப்பவர்களும் அவர்களை வேலைக்கு அமர்த்துபவர்களும் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். ஓசூரின் தொழிற்பேட்டைகளில் வாயிலுக்கு வாயில் காவலாளிகள் நிற்கிறார்கள். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005இன் 21ஆம் பிரிவின்படி, தனியார் காவலாளி ராணுவ, காவல்துறைச் சீருடையையோ அதைப் போலத் தோன்றும் உடையையோ அணிந்தால், அவருக்கும் அவரை அமர்த்திய முகமையின் உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இங்கே எண்ணம் கணக்கில் வராது, தோற்றமே போதும். உடையைத் தேர்ந்தெடுப்பது முதலாளி, வெயிலில் அதை அணிந்து நிற்பது தொழிலாளி என்பதால், அச்சுத்துணிச் சீருடை கொடுத்தால் மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்பதை யாராவது அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

எங்கே போகிறீர்கள்?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கல்லூரி நாட்களில் களஆய்வுக்காக அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரச் சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தேன். உருமறைப்பு அச்சுகூட இல்லை. வெறும் காக்கி நிறப் பேன்ட், பழுப்பு பெல்ட், கையில் அட்டை வைத்த காகிதக் கட்டு. திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். முறத்தைக் கீழே வைக்கவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டார். “எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீங்க சாமி?” என்று கேட்டார். பேரன் வயதுள்ள ஒருவனை அவர் சாமி என்று அழைத்ததும், நான் கல்லூரி மாணவன் என்று சொன்ன பிறகும் அவர் உட்காராததும் இன்றைக்கும் மனத்தில் நிற்கின்றன. உடன் வந்த உள்ளூர் நண்பர் திரும்பும்போது சொன்னார்: “அண்ணா, நாளைக்கு வேற பேன்ட் போட்டுட்டு வாங்க.”

அதே அரூர் வட்டத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி அந்த ஊருக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் செய்த கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதி செய்தது. ‘காக்கி’ என்ற சொல்லுக்குப் பாரசீக மூலத்தில் புழுதி என்று பொருள். ஆட்டோ ஓட்டுநரும் மின்வாரிய ஊழியரும் அணிவதும் அதே நிறம்தான். ஆனால் மலையடிவாரத்தில் அது சீருடையின் நிறம்.

வீரப்பனைத் தேடிய ஆண்டுகளின் கதையும் இதனோடு சேர்ந்தது. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக்கொல்லப்படும் வரை, உருமறைப்புச் சீருடையில் அதிரடிப்படையினர் மலைக்கிராமங்களில் நடமாடினார்கள். அந்தத் தேடுதல் வேட்டையில் நடந்த அத்துமீறல்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பின்னர் இழப்பீடும் கிடைத்தது. படையினரும் உயிரிழந்தார்கள் என்பதை மறப்பதற்கில்லை. ஆனால் அந்த அச்சைப் பார்க்கும் ஒருவருக்கு எது முதலில் நினைவுக்கு வரும் என்பதை வெளியூர்க்காரர் தீர்மானிக்க முடியாது.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களும் இரு மாவட்டங்களிலும் இருக்கின்றன. அங்கே வாழும் மூத்தவர்கள் இலங்கை ராணுவத்தையும், 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப் படையையும், வரிப்புலி அச்சுச் சீருடையில் விடுதலைப் புலிகளையும் கண்ணால் கண்டவர்கள். நமக்குத் தேசப்பற்றாகத் தெரியும் துணி, அவர்களில் ஒருவருக்கு இழந்த மகனையும் இன்னொருவருக்கு இரவில் தட்டப்பட்ட கதவையும் நினைவூட்டக்கூடும். புலி வரி அச்சில் வரும் சட்டைகளுக்குத் தனிக் கவனம் தேவை. அந்த இயக்கம் 1992 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது, அணிபவர் அழகுக்காக அணிந்தாலும் அது ஓர் அரசியல் அறிக்கையாகவே படிக்கப்படும். முகாமுக்கு உதவிப்பொருள் கொடுக்கவோ பாடம் சொல்லித்தரவோ போகிறவர்கள் அன்றைக்கு வெறும் கட்டம் போட்ட சட்டையில் போனால் போதும்.

ஆகவே போகும் இடத்தை வைத்துத் துணியை முடிவு செய்யுங்கள். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கு நண்பர்களோடு போவதற்கு ஆகிற பேன்ட், மலைக்கிராமத்துக்குக் கணக்கெடுப்புக்குப் போவதற்கு ஆகாது. ஆவணம் கேட்கிற, கையெழுத்து வாங்குகிற வேலையாகப் போவதென்றால் காக்கியும் ஆலிவ் பச்சையும் வேண்டவே வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளின் ஓரத்தில் முழு உருமறைப்பு உடையில் சுற்றுவதும் நல்லதல்ல. வனப் பணியாளர் உங்களை வேட்டைக்காரர் என்று நினைக்கலாம், வழிதவறினால் தேடி வருபவர் கண்ணுக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் இன்னும் எச்சரிக்கை: பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபிய நாடுகளில் பொதுமக்கள் இந்த அச்சை அணிவதே குற்றம், பார்படாஸில் குழந்தைகளுக்கும் விலக்கில்லை. கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் பெட்டியை ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியோட்டிகள் முகத்தில் சுற்றும் கறுப்பு வெள்ளைக் கட்டத் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பாலஸ்தீனக் குடியானவர்களின் கெஃபியே. 1936இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டபோது, கிளர்ச்சிக்காரர்களைத் தனியாக அடையாளம் காண முடியாதபடி நகரத்தாரும் அதைக் கட்டிக்கொண்டார்கள். புழுதிக்காகக் கட்டுவதில் தவறில்லை. என்ன கட்டியிருக்கிறோம் என்பது தெரிந்திருந்தால், கேட்பவருக்கு விடை சொல்லலாம். மூவர்ணக் கொடியை இடுப்புக்குக் கீழ் அணிவதும், எந்த உடைத்துணியிலும் கைக்குட்டையிலும் அச்சிடுவதும் 1971ஆம் ஆண்டு தேசிய மரியாதைச் சட்டப்படி குற்றம். ஆகஸ்ட் மாதத்தில் கடைக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பூவேலைக்குப் பின்னால் இருப்பவர்

படை அடையாளத்தில் கேள்வி, நான் இல்லாத ஒருவராகத் தோன்றுகிறேனா என்பது. பண்பாட்டு அடையாளத்தில் கேள்வி வேறு: இதைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது, அவர் இதை நாம் அணிவதற்குக் கொடுத்தாரா.

நம் மாவட்டத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் சிற்றூர்களான தாண்டாக்களில் பாட்டிமாருக்கு மட்டும் தெரிந்திருந்த தையலை, அடுத்த தலைமுறைப் பெண்கள் கற்றுக்கொண்டு ‘போர்கை’ என்ற பெயரில் ஆடையாகவும் பையாகவும் செய்து விற்கிறார்கள். லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். இப்படிச் செய்தவரே விற்பதை வாங்கி அணிவதில் தயக்கமே வேண்டாம். அணியுங்கள் என்றுதான் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள். அதே கோலத்தைத் திருடி ஆலைத்துணியில் அச்சடித்து ‘டிரைபல்’ என்று விற்பது வேறு. அந்தப் பெயரே தவறு: லம்பாடிகள் தெலங்கானாவில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இல்லை.

கையால் தைத்ததா என்று அறிய, துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சு என்றால் பின்புறம் வெளிறி இருக்கும். எந்திரத் தையல் என்றால் பின்புறம் முழுக்க ஒரே வெள்ளை நூல் ஓடும், சில நேரம் ஒட்டுக்காகிதம் கூட மிஞ்சியிருக்கும். கைத்தையலில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாண்டிய வழியும், முடிச்சும், ஒரே அளவில் இல்லாத கண்ணிகளும் தெரியும். நீலகிரித் தோடர்களின் பூவேலையில் இது இன்னும் நுட்பம்; வரைபடம் எதுவும் இல்லாமல் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் தைக்கிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர்கள் விற்கும் பையும் சால்வையும் நமக்கானவை. ஆனால் அவர்களுடைய புத்துக்குளி சடங்குக்கும் இறந்தவரைப் போர்த்தவும் ஆகிற போர்வை. அதன் போலியைப் போட்டோ எடுக்க மட்டும் தோளில் சுற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயரிலும் ஏமாறலாம். போச்சம்பள்ளிச் சேலை என்றதும் நம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போச்சம்பள்ளியை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த இக்கத் நெசவு தெலங்கானாவின் பூதான் போச்சம்பள்ளியுடையது.

எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது பள்ளி ஆண்டு விழா. இலைப் பாவாடை, தலையில் இறகு, முகமெல்லாம் கரி பூசி, பிள்ளைகளை மேடையேற்றி ‘ஆதிவாசி நடனம்’ என்று அறிவிக்கிறார்கள். அதே வகுப்பில் மலையாளி, இருளர், குருமன் என்னும் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய அம்மா அப்பா நம்மைப் போலவே சேலையும் வேட்டியும் கட்டிக்கொண்டு பின்வரிசையில் இருக்கிறார்கள். அந்த உடை யாருடைய உடையும் அல்ல. நடனம் வேண்டுமென்றால் அந்தப் பெற்றோரில் ஒருவரை அழைத்து அவர்கள் ஊர்த் திருவிழாவில் என்ன ஆடுவார்கள், என்ன உடுத்துவார்கள் என்று கேட்டுச் செய்யலாம்.

யாராவது உங்கள் உடையைப் பார்த்துக் கேட்டால், “அச்சுத்துணிதான் ஐயா, நான் படையில் இல்லை” என்று உடனே சொல்லிவிடுங்கள். பேருந்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தாலோ, கடைக்காரர் காசு வாங்க மறுத்தாலோ இன்னும் விரைவாகச் சொல்லுங்கள். வருந்தினார் என்று தெரிந்தால் வாதம் வேண்டாம்; மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் பல நேரம் போதுமானது.

இனி அணிவதில்லை என்று முடிவு செய்த துணியை என்ன செய்வது? ஓசூரில் பலர் பழைய துணியைக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சந்தேகத்தின் பேரில் முதலில் நிறுத்தப்படுபவர் அவர்தான் என்பதால், நாம் அணியத் தயங்கும் உடையை அவருக்குக் கொடுப்பது உதவி ஆகாது. தோள் பட்டியையும் சின்னத்தையும் பிரித்தெடுத்துவிட்டு, காலை முட்டிக்கு மேல் வெட்டி, இரண்டு கால்துணியையும் சேர்த்துத் தைத்தால் சந்தைக்குக் கொண்டு போகும் அளவில் ஒரு பை வரும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் போடுவதானாலும், பிரித்த பிறகு போடுங்கள்.